ஊட்டியிலிருந்து வந்த மூட்டை

கொல்லிமலைச் செம்மேட்டில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் நமக்கு மடல் எழுதியுள்ளார். உதகையிலிருந்து வந்த உறவினர் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கொண்டுவந்தாராம். ஆணத்துக்கும் பொரியலுக்கும் போக மீந்தவை முளைவிட்டுவிட்டன. அவற்றைக் கொல்லைப்புறத்தில் நட்டு, சாலட் செய்வதற்கேற்ற இளங்கிழங்குகளை எடுக்கலாமா என்று வினவுகிறார்.

தாராளமாக உருளைக்கிழங்கு நடுங்கள், சகோதரி. ஆனால் அந்த மூட்டையிலுள்ளவற்றை நட வேண்டாம்.

காரணம் கேளுங்கள். 1961ஆம் ஆண்டு நீலகிரி உருளைக்கிழங்கு வயல்களில் ஒருவகை நூற்புழு இருப்பது கண்டறியப்பட்டது. வேர்களைத் தாக்கி விளைச்சலைக் குன்றச்செய்யும் இப்புழு, கடுகினும் சிறிய முட்டைக்கூடுகளை மண்ணில் விட்டுச்செல்கிறது. ஒவ்வொரு கூட்டிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள்! உண்ணச் செடி கிடைக்காவிடினும் இருபது ஆண்டுகள்கூட அவை மண்ணுக்குள் உயிரோடு காத்திருக்கும். தக்காளியையும் கத்தரியையும்கூட இப்புழு விடுவதில்லை. கிழங்கின் கண்களில் ஒட்டிய சிறிது மண்ணே இக்கூடுகள் ஊர்விட்டு ஊர் செல்லப் போதுமானது. நீலகிரி மட்டுமன்று, இமாசலம், காஷ்மீர், உத்தராகண்ட் பகுதிகளிலிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்வதற்கும் 2018இல் மத்திய அரசு இதே காரணத்தால் தடை விதித்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலேயுள்ள உங்கள் மண்ணுக்கு இவ்விருந்தாளியை நாமே அழைத்துச்செல்லலாமா? எஞ்சிய கிழங்குகளில் முளையைக் கிள்ளியெறிந்து விரைவில் சமைத்துவிடுங்கள். பச்சை நிறம் ஏறியவற்றை மட்டும் ஒதுக்கிவிடுங்கள், அவற்றில் சோலனின் என்னும் நச்சு மிகுந்திருக்கும். கழுவிய நீரையும் தோலையும் தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

நடுவதற்குச் சான்று பெற்ற விதைக்கிழங்கே வேண்டும். தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஐரோப்பியர் சாலட்டுக்கென்றே வளர்க்கும் வகைகள் நம் பக்கம் எளிதில் கிட்டுவதில்லை. அதற்காக வருந்தவும் வேண்டியதில்லை. எவ்வகையாயினும் முற்றுமுன் தோண்டியெடுத்தால் மாவு குறைந்து, வேகும்போது உடையாமல் நிற்கும்.

இரவு குளிர்ந்தால்தான் கிழங்கு நன்கு பிடிக்கும். ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள உங்கள் மலையில் ஐப்பசி மழையின் வேகம் தணிந்தபின், கார்த்திகையில் நடுவது நலம். கோழிமுட்டை அளவுள்ள முளைவிட்ட கிழங்கை வெட்டாமல் முழுதாக, நான்கு விரற்கடை ஆழத்தில், சாணுக்கு ஒன்றாக ஊன்றுங்கள். வரிசைக்கு வரிசை இரண்டடி இடைவெளி இருக்கட்டும். மட்கிய தொழுவுரம் போதும். பச்சைச் சாணம் ஆகாது. தக்காளி, கத்தரி, மிளகாய் நின்ற இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு மாதத்தில் ஒருமுறையும், அடுத்த பதினைந்து நாளில் மறுமுறையும் மண் அணைக்க வேண்டும். இதில் சோம்பினால் வெயில் பட்டுக் கிழங்கு பச்சையாகிவிடும். நீரை அடியில் மட்டும் ஊற்றுங்கள். மூடுபனியில் இலை நனைந்தே கிடந்தால் கருகல் நோய் வரும். 1845இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளியது அந்நோய்தான்.

இடமில்லாதோர் பழைய உரச்சாக்கில் மூன்றிலொரு பங்கு மண் நிரப்பி நட்டு, செடி உயர உயர மண் சேர்த்து வரலாம். சாக்கின் அடியில் துளையிட மறவாதீர்கள்.

எழுபது, எழுபத்தைந்து நாட்களில் ஒரு செடியின் அடியில் விரலால் மண்ணை விலக்கிப் பாருங்கள். கட்டைவிரலால் தேய்த்ததும் தோல் உரிந்தால் அதுவே பருவம். இளங்கிழங்கு நெடுநாள் தாங்காது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் தோண்டுங்கள். தோலுடன் உப்புநீரில் வேகவைத்து, சூடு ஆறுமுன் எலுமிச்சைச் சாறும், நறுக்கிய வெங்காயமும், கொத்துமல்லித் தழையும் சேர்த்துப் புரட்டுங்கள். மிளகுக்கு நீங்கள் கடைக்குப் போகவேண்டியதில்லை. உங்கள் மலையிலேயே மரங்களில் படர்ந்து கிடக்கிறதே!