மீட்டர் பொய் சொல்லவில்லை, நாம்தான் தவறாகப் படிக்கிறோம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வு பெற்ற வாத்தியார், வேறென்ன செய்வேன்? பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில், அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி எழுதியிருந்தான். "நம் ஊர் நிலக்கரியில் கந்தகம் குறைவு. காற்றில் சல்பர் டை ஆக்சைடு அளந்து பார்த்தால் எல்லா ஊரிலும் வரம்புக்குள்தான் இருக்கிறது. அப்புறம் எதற்குக் கோடிக்கணக்கில் செலவழித்து எஃப்.ஜி.டி. கருவி?" கீழே வரிசையாகக் கைதட்டல். கை தட்டியவர்களில் மூன்று பேர் என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படித்தவர்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புகைபோக்கியில் போகும் புகையிலிருந்து சல்பர் டை ஆக்சைடைப் பிடித்து வைப்பதுதான் எஃப்.ஜி.டி. சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவி, ஜிப்சமாக மாற்றிவிடும். 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்கு வரம்பு விதித்து இரண்டு வருடம் கெடு கொடுத்தது. பிறகு கெடு நீண்டது, மறுபடி நீண்டது. 2025 ஜூலையில், ஏறக்குறைய 78 சதவீத நிலையங்களுக்கு இந்தக் கருவியே தேவையில்லை என்று விலக்கு வந்துவிட்டது. தலைநகர்ப் பகுதிக்கோ பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை மட்டும் 2027 முடிவதற்குள் மாட்ட வேண்டும்.

தம்பி, நீ சொன்ன மீட்டர் கணக்கு சரி. முடிவுதான் தப்பு. அந்த மீட்டர் வாயுவை அளக்கிறது. அந்த வாயு வாயுவாகவே இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை.

பகலில் சூரிய ஒளியால் காற்றில் ஹைட்ராக்சில் என்ற துடிப்பான மூலக்கூறு உண்டாகிறது. அது சல்பர் டை ஆக்சைடைப் பிடித்து, ஆக்சிஜனும் நீராவியும் சேர்ந்து, கடைசியில் கந்தக அமில ஆவியாக்கிவிடும். மேகத் துளிக்குள் புகுந்தால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். ஓரிரு நாளில் பெரும்பகுதி வாயு காணாமல் போயிருக்கும். மீட்டரில் குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். திருடன் சட்டையை மாற்றிக்கொண்டு போய்விட்டான். நீ பழைய சட்டையைத் தேடிவிட்டு "ஊரில் திருடனே இல்லை" என்கிறாய்.

அடுத்து என்ன நடக்கும்? கற்கண்டு செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பாகில் நூல் போட்டால் அதன்மேல் படியும். நூல் இல்லாவிட்டால் முதல் படிகம் உருவாவது பெரும்பாடு. காற்றிலும் அப்படித்தான். ஏற்கெனவே தூசியும் புகையும் இருந்தால் அமில ஆவி அதன்மேல் படிந்து அதைப் பெருக்க வைக்கும். காற்று தெளிவாக, நல்ல வெயிலாக இருந்தால் ஆவி தனக்குத் தானே நூல் நூற்கும். சில மூலக்கூறுகள் கூடி ஒன்றரை நானோமீட்டர் கொத்தாகும். நம் தலைமுடி சுமார் 70,000 நானோமீட்டர் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்னக் கொத்து பெரும்பாலும் உடனே ஆவியாகிக் கலைந்துவிடும். அதைக் கட்டிப்போட ஒரு பசை வேண்டும். நம் யூரியா வயலிலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் வரும் அம்மோனியா அந்தப் பசை.

இது வாத்தியார் கற்பனை இல்லை. ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் 26 கன மீட்டர் எஃகுத் தொட்டிக்குள் காற்றை அடைத்துச் சோதித்தார்கள். துளியூண்டு அம்மோனியா சேர்ந்தாலே துகள் உருவாகும் வேகம் நூறு முதல் ஆயிரம் மடங்கு கூடுகிறது என்று 2011இல் வெளியிட்டார்கள். நிலத்தை ஒட்டிய காற்றில் நடப்பதை விளக்க அதுவும் போதவில்லை, அமீன்களும் மரங்கள் விடும் ஆவிகளும் கூடச் சேர்கின்றன என்பதையும் அதே குழு பின்னர் காட்டியது. பிழைத்த கொத்து மணிக்குச் சில நானோமீட்டர் வீதம் வளரும். காலையில் பிறந்தது ஓரிரு நாளில் 50, 100 நானோமீட்டரைத் தொட்டு மேகத் துளிக்கே விதையாகிவிடும். இந்த வளர்ச்சியை வரைபடமாகப் போட்டால் வாழைப்பழம் மாதிரி வளைந்து வரும். விஞ்ஞானிகளே அதை வாழைப்பழ வரைபடம் என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது கணக்கு. பேனா எடுங்கள்.

1,000 மெகாவாட் நிலையம் ஒரு நாளைக்குச் சுமார் 15,000 டன் நிலக்கரி எரிக்கும். கந்தகம் அரை சதவீதம்தான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியும் 75 டன் கந்தகம். அணு எடை 32, சல்பர் டை ஆக்சைடு 64, ஆக 150 டன் வாயு. அது முழுவதும் அம்மோனியம் சல்பேட் ஆனால், மூலக்கூறு எடை 132, ஏறத்தாழ 300 டன் துகள். முழுவதும் மாறாது, கொஞ்சம் மண்ணிலும் நீரிலும் படிந்துவிடும். பாதி மாறினாலும் 150 டன். ஒரே நிலையம், ஒரே நாள்.

சாம்பலைப் பிடிக்க மின்னியல் வீழ்படிவாக்கி இருக்கிறதே என்பான் தம்பி. இருக்கிறது, நன்றாகவே பிடிக்கும். ஆனால் புகைபோக்கியைத் தாண்டிய பிறகு பிறக்கப்போகும் துகளை அது எப்படிப் பிடிக்கும்?

அந்தத் துகள் கடைசியில் பி.எம். 2.5 மீட்டரில்தான் ஏறும். அங்கே "இது இன்ன புகைபோக்கியின் பிள்ளை" என்று எழுதியிருக்காது. பழி வைக்கோல் எரிக்கும் விவசாயி மேலும் பட்டாசு வெடிக்கும் பையன் மேலும் விழும். அவர்கள் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. பெரிய பங்காளியை விட்டுவிட்டுச் சின்னவனை மட்டும் கேட்பது நியாயமா?

10 கிலோமீட்டர் என்ற கணக்கும் எனக்குப் புரியவில்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் ஒரு நாளில் 360 கிலோமீட்டர் போகும். காற்றுக்கு எல்லைக்கல் தெரியுமா? உயரமான புகைபோக்கி கட்டினால் போதும் என்று ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். பிரிட்டன் விட்ட கந்தகம் கடல் தாண்டிப் போய் நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் அமில மழையாக இறங்கியது.

சுண்ணாம்புக்கல்லைப் பயன்படுத்தினால் கார்பன் டை ஆக்சைடு கூடுமாம். 64க்கு 44. அதே நிலையத்தில் 150 டன்னுக்கு சுமார் 100 டன். அது தினமும் விடுவதோ 20,000 டன்னுக்கு மேல்! ஆனையைக் கட்டித் தீனி போடுகிறவன் அங்குசத்தின் விலைக்கு அழுகிறான்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தத் துகள் வெயிலைத் திருப்பி அனுப்பி பூமியைக் கொஞ்சம் குளிர்விக்கிறது. உண்மை. ஆனால் அது ஒரு வாரத்தில் மழையோடு இறங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகள் நிற்கும். கடனை மறைக்க வீட்டில் புகை போட்டுக்கொள்வதற்குப் பெயர் வைத்தியம் இல்லை.

தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. 34 வருடம் பாடம் நடத்தினேன். சல்பர் டை ஆக்சைடு என்றால் அமில மழை, ஐந்து மதிப்பெண், தாஜ்மகால் மஞ்சளாகும், அடுத்த பாடம். வாயு துகளாகி நம் நெஞ்சுக்குள் போகும் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நீங்கள் கை தட்டியதில் என் பங்கும் இருக்கிறது. இன்று ராத்திரி என் தங்கை நெபுலைசர் வைத்துக்கொள்ளும் சத்தம் பக்கத்து அறையிலிருந்து கேட்கிறது. அது எந்தப் புகையால் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. யாராலும் முடியாது. அதுதான் விலக்கு கொடுப்பவர்களுக்கு வசதி.

அந்தத் துறையில் இருப்பவர்கள் என் கணக்கில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். பிழை இல்லையென்றால், தம்பி, அடுத்த முறை உன் அலுவலகக் கூட்டத்தில் "வரம்புக்குள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேள்: "வாயு எங்கே போச்சு சார்?"

நலமாக இருங்கள்.