டைகர் எப்படிச் செத்தான்?

அகால நேரத்தில் கொழிஞ்சாம்பாறை நம்பர் செல்லில் வந்தால் வயிற்றைக் கலக்கும். வெளிநாட்டில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கலக்கம்தான். போன மாதம் ஒரு நாள் காலை ஐந்தரைக்கு (இங்கே நியூஜெர்சியில்) அம்மா. "அக்கா வீட்டு டைகர் போயிட்டான்டா."

உண்மையைச் சொல்கிறேன், முதலில் 'அப்பாடா' என்றுதான் இருந்தது. மனுஷங்க யாருக்கும் ஒன்றுமில்லையே! தொண்டை அடைத்தது அதற்குப் பிறகுதான்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது இடுக்கியில், நெடுங்கண்டம் பக்கம். ஏலத்தோட்டம். டைகர் அங்கே நாலு வருஷக் காவல்காரன், நாட்டு நாய். காலையில் மாட்டுக் கொட்டகை ஓரமாக விறைத்துக் கிடந்திருக்கிறான்.

மச்சானிடம் காரணம் தயாராக இருந்தது. "பக்கத்துத் தோட்டத்துக்காரன் வெஷம் வெச்சுட்டான்." இரண்டு வருஷமாக வேலித் தகராறு. அம்மாவுக்கு அது கண்ணேறு. ஏழாவது படிக்கும் அக்கா மகளுக்கு, பாம்பு.

"டாக்டர் பாத்தாரா?" என்று கேட்டேன். "செத்த நாய டாக்டர்கிட்ட கொண்டுபோய் என்னடா பண்றது?" சுண்ணாம்பு போட்டுப் பலாமரத்தடியில் புதைத்தும் ஆயிற்று.

என் கட்சி இதுதான்: காரணம் தெரியாமல் செத்த நாயைக் கண்டிப்பாக டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். சிரிக்காதீங்க. நமக்குத் தெரியாதது அந்த உடம்புக்குத் தெரியும். அணலி கடித்திருந்தால் ரோமத்துக்குள் பல் தடம் தெரியாது, ஆனால் தோலை விலக்கினால் உள்ளே இரத்தம் கட்டி நிற்கும். புரோமாடியலோன் வகை எலிமருந்து தின்ற அன்றே கொல்லாது. இரத்தத்தை உறையவிடாமல் செய்து, சில நாள் கழித்துத்தான் கொல்லும். அந்த மருந்தை அடுத்த தோட்டத்துக்காரர்தான் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை, நம்ம வீட்டு ஸ்டோர் ரூமிலேயே இருக்கலாம். ஃபியூரடானைக் கேரள அரசு 2011-ல் தடை செய்தது. ஆனாலும் ஏலத்துக்கு அடிக்கிற மருந்துகளுக்குக் குறைவில்லை. வயிற்றில் இருப்பதை லேபுக்கு அனுப்பினால்தான் எது என்று தெரியும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. மூன்றாவது போனில் அக்கா மகள் மெதுவாக ஒன்று சொன்னாள். "ரெண்டு நாளா அவன் சாப்பிடல மாமா. வாய மூட முடியாம எச்சில் ஒழுகிட்டே இருந்துச்சு. எலும்பு மாட்டியிருக்கும்னு நான்தான் கைய விட்டுப் பாத்தேன்."

எனக்குக் கை நடுங்கிவிட்டது.

வெறிநாய் என்றால் நுரை தள்ளிக்கொண்டு ஊரைத் துரத்தும் என்றுதான் நம் எல்லார் நினைப்பும். இன்னொரு வகை இருக்கிறது. யாரையும் கடிக்காது. மூலையில் படுக்கும், தாடை தொங்கும், எச்சில் வழியும், விழுங்க முடியாது, சில நாளில் செத்துப்போகும். பார்க்கிறவர்களுக்குத் தொண்டையில் எலும்பு மாட்டின மாதிரியே இருக்கும். 'வீட்டு நாய்க்கு அதெல்லாம் வராது' என்றார் மச்சான். 2022-ல் எங்கள் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி ரேபிஸில் இறந்தாளே, அவளைக் கடித்ததும் பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய்தான். அறிகுறி வந்துவிட்டால் இந்த நோயில் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை.

மூளையைச் சோதித்தால் ரேபிஸா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். ஊசியை உடனே ஆரம்பித்துவிட்டு, சோதனையில் இல்லை என்று உறுதியானால் நிறுத்திக்கொள்ளலாம். இங்கேயோ உடம்பு மண்ணுக்குள் போய் மூன்று நாள். தோண்டலாமா என்று மச்சான் கேட்டார். அழுகிய உடம்பில் 'இல்லை' என்று ரிசல்ட் வந்தாலும் நம்ப முடியாது என்று சொல்லிவிட்டார் அங்கே மிருகாசுபத்திரி டாக்டர். அவள் விரலில் கீறல் வேறு. சீரமும் போட்டு, 0, 3, 7, 28 என்று நாள் எண்ணி ஊசியும் போட்டார்கள். இருபத்தெட்டு நாளும் இங்கே எனக்குத் தூக்கமில்லை.

ஊரில் அப்பா அம்மா தனியாக நாயோடு இருக்கிறவர்கள் ஒரு போன் போட்டுச் சொல்லிவையுங்கள். நாய் திடீரென்று செத்தால் வெறுங்கையால் தொட வேண்டாம், வீட்டில் அறுத்துப் பார்க்கவும் வேண்டாம் (எலிமருந்தில் சிங்க் பாஸ்பைடு என்று ஒன்று உண்டு, வயிற்றைத் திறந்தால் விஷவாயு வரும்). பிளாஸ்டிக் பையில் சுற்றி, சுற்றிலும் ஐஸ் வைத்து, அன்றே மிருகாசுபத்திரிக்குச் சொல்லணும். பாலக்காட்டுக்காரர்களுக்கு மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது. யார் யாரை நக்கியது, கடித்தது என்று குழந்தைகளிடம் திட்டாமல் கேட்கணும். திட்டினால் சொல்ல மாட்டார்கள்.

விஷம்தான் என்று சந்தேகமா? போலீசுக்குப் போங்கள். 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சம்ஹிதா 325-ம் பிரிவில் மிருகத்தை விஷம் வைத்துக் கொன்றால் ஐந்து வருஷம் வரை சிறை. ஆனால் ஸ்டேஷனிலும் முதலில் கேட்பது போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்தான்.

போன வாரம் கடைசி ஊசி முடிந்தது. பெண் ஸ்கூலுக்குப் போகிறாள். பக்கத்துத் தோட்டத்துக்காரரை மச்சான் அன்றைக்கே ரோட்டில் நிறுத்தி நாலு பேர் முன்னால் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டார். அந்த வீட்டம்மாதான் அக்காவின் பிரசவத்துக்குத் துணைக்கு வந்தவர். இப்போது இந்தப் பக்கம் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.