ஹாட்ச்பாட்ச் என்றொரு வசை

சென்ற இதழில் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதிய நண்பர், சங்கச் சொல்லும் ரேஷன் கடை வரிசையும் சினிமாப் பாட்டின் மெட்டும் ஒரே கவிதையில் வருவதைச் சுட்டி, 'வெறும் ஹாட்ச்பாட்ச்' என்று தீர்ப்பளித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். ஏன் ஹாட்ச்பாட்ச், எது எதோடு சேரவில்லை என்ற விளக்கம் இல்லை. தமிழில் 'குப்பை' என்று எழுதியிருந்தால் காரணம் கேட்டிருப்போம். ஆங்கிலத்தில் திட்டினால் அது விமர்சனமாகிவிடுகிறது.

அந்த வார்த்தையின் பூர்வீகத்தை நண்பர் பார்த்தாரா, தெரியவில்லை. பிரெஞ்சில் குலுக்குவதைக் குறிக்கும் ஒரு வினையும் பானையும் சேர்ந்து ஹாட்ச்பாட் ஆயிற்று. இறைச்சியும் காய்களும் கலந்து வேகவைத்த குழம்பு. அதுவே மருவி ஹாட்ச்பாட்ச், பின் ஹாட்ஜ்பாட்ஜ். சாஸர் 14ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டனத் தொனியில் கையாண்டிருக்கிறார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே சொல்லுக்கு இங்கிலாந்தின் சட்டத்தில் வேறொரு வாழ்க்கை உண்டு. 15ஆம் நூற்றாண்டில் லிட்டில்டன் நில உரிமை பற்றி எழுதிய நூலில் அது வருகிறது. கல்யாணத்தின்போது தகப்பனிடம் நிலம் வாங்கிக்கொண்டு போன மகள், அவர் இறந்தபின் மிச்ச நிலத்திலும் பங்கு கேட்டால், முன்பு வாங்கியதைப் பானையில் போட்டாக வேண்டும். போட்டபின் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். போட மறுத்தால் மிச்சத்தில் பங்கு கிடையாது. நம் நீதிமன்றங்களும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. ஒருவன் தன் சுயசம்பாத்தியத்தை, தனியுரிமையை விட்டுவிடும் எண்ணத்தோடு, கூட்டுக் குடும்பத்தின் பொது 'ஹாட்ச்பாட்'டில் போட்டுவிட்டால், பிறகு இது என்னுடையது என்று பிரித்தெடுக்க முடியாது.

ஆக, இந்தச் சொல்லுக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. கலந்தது குற்றமில்லை, கலக்காமல் ஒளித்து வைத்துக்கொண்டு பங்கு கேட்பதுதான் குற்றம். இதைக் கவிதைக்கும் பொருத்தலாம். இந்த இளைஞர் பள்ளிக்கூடத்தில் வாங்கிய சங்கச் சொல்லையும், டீக்கடை ரேடியோவில் வாங்கியதையும் மறைக்காமல் கொண்டுவந்து போட்டிருக்கிறார். நம்மில் பலர் எலியட்டைப் படித்ததை ஒரு பெட்டியிலும், அம்மா பேசிய பேச்சை இன்னொரு பெட்டியிலும் பூட்டிவைத்துக்கொண்டு, சுத்தமான கவிதை எழுதுகிறோம். அந்த எலியட்டின் 'பாழ் நிலம்' 1922இல் வந்தபோது அதில் எத்தனை மொழிகள் கிடந்தன, முடிவில் சமஸ்கிருதம் உட்பட! அதை நவீனம் என்றோம். இங்கே ரேஷன் கடை வந்ததும் ஹாட்ச்பாட்ச்.

கலவை என்றாலே முகம் சுளிப்பது நமக்குப் பழைய பழக்கமும் அல்ல. ஈட்டு உரைகாரர்கள் தமிழையும் வடமொழியையும் கலந்து எழுதிய நடைக்கு மணிப்பிரவாளம் என்று பெயர். மணியும் பவளமும் கோத்த மாலை. கலவையைச் சொல்ல நகையிலிருந்து பெயர் எடுத்திருக்கிறார்கள். 1916க்குப் பிறகு தனித்தமிழ் வலுத்தபோது அந்தச் சொல்லே வசவாகிப்போனது. (அந்த இயக்கத்துக்கு வேறு நியாயங்கள் இருந்தன, அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

நானும் யோக்கியன் இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஒருவருடைய நாவலை 'அவியல்' என்று எழுதி ஒதுக்கினேன். அவியல் செய்யத் தெரிந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். சேனை வேக ஒரு நேரம், முருங்கைக்காய்க்கு ஒரு நேரம், தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்தது பிறகு, தயிர் அதற்கும் பிறகு, இறக்கும்போது தேங்காயெண்ணெய். வரிசை தவறினால் ஒன்று குழையும், இன்னொன்று நறுக்கென்று நிற்கும். அந்த நாவலில் எது குழைந்தது, எது வேகவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் இரண்டாவது நாவல் எழுதவில்லை. காரணம் நான்தான் என்று நினைத்துக்கொள்வது அகங்காரமாக இருக்கலாம். இருந்தாலும் அந்த வார்த்தை உறுத்துகிறது.

இந்தத் தொகுதியில் வேகாத கவிதைகள் இல்லாமலில்லை. நான்கைந்து கவிதைகளில் சங்கச் சொல் வெறும் ஜரிகையாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உரித்தால் வந்துவிடும். ஆனால் ரேஷன் கடைக் கவிதையில் உரிக்க முடியவில்லை, நான் முயன்று பார்த்தேன். நண்பர் அந்த ஒரு கவிதையையாவது எடுத்துக்கொண்டு, எந்த வரி எந்த வரியோடு சேரவில்லை என்று எழுதட்டும். ஆசிரியர் பக்கம் ஒதுக்குவார்.