கோடு கிழிக்கும் கை யாருடையது?

ஊரைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? ஊரிலே வாழ்பவருக்கா, ஊரின் படத்தை மேசைமீது விரித்து வைத்திருப்பவருக்கா?

"வாழ்பவருக்குத்தான்" என்று மேடையிலே முழங்காதார் இல்லை. மேடையை விட்டு இறங்கி, அலுவலகப் படியேறி, அந்தப் படத்தைச் சற்றே உற்றுப் பாருங்கள். சிவப்புக் கோடு ஒன்று குடிசைகளின்மீது ஓடும். பச்சை வண்ணம் ஒன்று செல்வர் ஒருவரின் தோப்பைத் தழுவி நிற்கும். கோடு போட்டவர் அந்தத் தெருவிலே ஒருநாளும் நடந்தறியார். நாற்பது ஆண்டு அந்தத் தெருவிலே நடந்தவரோ, கோடு போட்ட சேதியையே அறியார்! இடிக்கும் எந்திரம் வாசலிலே வந்து நிற்கும்போதுதான், தம் வீடு எவருடைய ஏட்டிலோ சாலையாகிவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது.

கேட்டால், கற்றறிந்த பெருமக்கள் புன்னகை பூக்கிறார்கள். "பாமரனுக்குத் திட்டம் தெரியுமா? நகரமைப்பு நுட்பமான கலையல்லவா? நோயாளியைக் கேட்டா மருத்துவர் கத்தியை எடுக்கிறார்?" என்கிறார்கள்.

உவமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், எங்கே வலிக்கிறது என்று நோயாளியைக் கேட்காத மருத்துவர் உண்டா? அறுவைக்கு முன்னே கையொப்பம் வாங்காத மருத்துவமனை உண்டா? உடலைத் தொடுவதற்கு ஒப்புதல் வேண்டும். ஊரைத் தொடுவதற்கு மட்டும் வேண்டாமா?

பாமரனால் ஆகாது என்போருக்கு நான் விடை சொல்லப் போவதில்லை. இங்கிலாந்து சொல்லட்டும்! அந்நாட்டுப் பாராளுமன்றம் 2011ஆம் ஆண்டிலே 'லோக்கலிசம் சட்டம்' என்றொரு சட்டத்தை நிறைவேற்றிற்று. நிறைவேற்றியவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். கன்சர்வேடிவ் கட்சியும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் கூடி நடத்திய கூட்டணி ஆட்சியினர். பழமை பேணும் கட்சி தலைமை தாங்கிய ஆட்சியே, "உங்கள் பகுதிக்கான திட்டத்தை நீங்களே எழுதுங்கள்" என்று பேனாவைத் தெருவின் கையிலே கொடுத்தது. அதற்குப் பகுதித் திட்டம் என்று நாம் பெயரிட்டுக் கொள்வோம்.

கொடுத்தது எப்படி? 'எழுதிக்கொள்' என்ற வாய்ச்சொல்லோடு நின்றதா? இல்லை. படிப்படியாக விதி வகுத்தது. அந்தப் படிகளை நாம் அறிந்திருப்பது நல்லது.

முதற்படி, எழுதுவது யார் என்பது. ஊர்ப்புறத்திலும் சிறு நகரங்களிலும் பாரிஷ் கவுன்சில், டவுன் கவுன்சில் எனும் மன்றங்கள் உண்டு. நம் ஊராட்சி, பேரூராட்சி போன்றவை. அவை இருக்குமிடத்தில் அவையே எழுதும். அவை இல்லாத நகரப் பகுதியிலே, குறைந்தது 21 பேர் சேர்ந்து மன்றம் அமைக்கலாம். அங்கே குடியிருப்பவர், அங்கே தொழில் புரிபவர், அப்பகுதியின் கவுன்சிலர் ஆகியோருக்கு அம்மன்றத்தின் கதவு திறந்திருக்க வேண்டும். அம்மன்றத்துக்கு அளிக்கப்படும் ஒப்புதல் ஐந்தாண்டுக்குச் செல்லும்.

இரண்டாம் படி எல்லை. எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவரை தங்கள் பகுதி என்பதை மக்கள் குறித்துத் தர, உள்ளாட்சி அமைப்பு அதனை அறிவிக்கும்.

மூன்றாம் படி, வரைவைப் பொதுமக்கள் முன்னே வைப்பது. ஆறு வாரத்துக்குக் குறையாமல் கருத்துக் கேட்கவேண்டும். திருத்தி எழுதி உள்ளாட்சியிடம் தந்த பிறகு, அதுவும் மீண்டும் ஆறு வாரம் ஊரறிய வெளியிடவேண்டும். ஒரு முறை கேட்டது போதாது என்று சட்டமே சொல்கிறது!

நான்காம் படி தணிக்கை. சார்பற்ற தேர்வாளர் ஒருவர் வருவார். நாட்டின் பொதுக் கொள்கையை மதித்து எழுதினார்களா? நீடித்த வளர்ச்சிக்கு இது துணைபோகுமா? மாவட்டத் திட்டத்தின் முதன்மைக் கொள்கைகளோடு பொதுவாக ஒத்துச் செல்கிறதா? மனித உரிமைக்கு ஊறு இல்லையே? இவைதாம் அவர் கேட்கும் கேள்விகள். "இந்த எழுத்து அழகாயில்லை, என் கருத்து வேறு" என்று சொல்லித் தள்ளும் அதிகாரம் அவருக்கு இல்லை.

ஐந்தாம் படி, வாக்குப்பெட்டி! ஆம் தோழர்களே, வாக்குப்பெட்டியேதான்! அப்பகுதியின் வாக்காளர் ஒவ்வொருவரிடமும், "இந்தத் திட்டத்தை ஏற்கிறீர்களா?" என்ற கேள்வி போகும். வாக்களித்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் 'ஆம்' என்றால் அந்த ஏடு சட்ட வலிவு பெறுகிறது. அன்று முதல் அப்பகுதியிலே வீடு கட்டவோ கடை எழுப்பவோ விண்ணப்பம் வந்தால், தகுந்த வேறு காரணம் இருந்தாலன்றி, மக்கள் எழுதிய அந்தத் திட்டத்தின்படிதான் அதிகாரிகள் முடிவெடுக்கவேண்டும்.

அம்மட்டோ! புதுக் கட்டடம் எழுப்புவோரிடம் ஊர்வசதிக்கென்று தீர்வை தண்டப்படும் இடங்களிலே, பகுதித் திட்டம் இல்லாத பாரிஷுக்கு அதிலே 15 விழுக்காடு பங்கு. அதற்கும் உச்சவரம்பு உண்டு. திட்டம் எழுதி வென்ற பகுதிக்கோ 25 விழுக்காடு! எழுதும் உரிமையோடு, எழுதியதைச் செய்து முடிக்கக் காசும் சேர்ந்தே வருகிறது.

பாமரர் எழுதினார்களா? எழுதினார்கள்! 2013 மார்ச் 7 அன்று, வட இங்கிலாந்தின் கம்ப்ரியாவிலே, அப்பர் ஈடன் எனும் மலைநாட்டுப் பகுதி முதன்முதலாக வாக்களித்தது. 17 பாரிஷ்கள் சேர்ந்து எழுதிய திட்டம் அது. ஆட்டு மந்தையும் பண்ணை வீடுமாக வாழும் மக்கள், "எங்கள் பிள்ளைகள் இந்த மண்ணிலேயே குடியிருக்க வீடு வேண்டும்" என்று எழுதினார்கள். வாக்களித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் 'ஆம்' என்றார்கள்.

அதே ஆண்டு மே மாதம் ஆக்ஸ்ஃபர்ட்ஷையரின் தேம் நகரம் வாக்களித்தது. 775 வீடுகள் அந்நகருக்கு வரவேண்டும் என்பது மாவட்டத்தின் கணக்கு. அவற்றை ஒரே இடத்திலே குவிக்க எண்ணினர் மேலிடத்தார். ஊரார் "வீடே வேண்டாம்" என்று கூவினார்களா? இல்லை. 775 என்ற எண்ணை ஏற்றார்கள். ஆனால், எங்கெங்கே, எவ்வளவு என்பதைத் தாங்களே பிரித்து, பல இடங்களிலே பரப்பி எழுதினார்கள். பொறுப்பைக் கையிலே கொடுத்தால் பாமரன் பொறுப்போடு நடந்துகொள்வான் என்பதற்குத் தேம் நகரே சாட்சி.

இன்னொரு நகரைக் கேளுங்கள். கார்ன்வால் கடற்கரையிலே செயின்ட் ஐவ்ஸ். மீனவர் வளர்த்த ஊர். அழகான அலையைக் கண்டு வெளியூர்ச் செல்வர் வந்தனர்; வீடுகளை வாங்கினர்; ஆண்டிலே சில வாரம் வந்து இளைப்பாறிவிட்டு, எஞ்சிய நாளெல்லாம் பூட்டி வைத்தனர். 2011 கணக்கெடுப்பின்போது அப்பகுதியில் நான்கில் ஒரு வீட்டிலே நிலையாகக் குடியிருப்போர் இல்லை! வலை வீசியவன் மகனுக்கு வாடகைக்குக் கூட வீடில்லை. விடுமுறைக்கு வருபவருக்கு வீட்டின்மேல் வீடு! ஊரார் தங்கள் பகுதித் திட்டத்திலே ஒரு விதி எழுதினர்: இனிப் புதிதாகக் கட்டப்படும் வீட்டிலே, அதையே தம் முதன்மை இல்லமாகக் கொண்டு நிலையாக வாழ்பவர்தாம் குடியேறலாம். 2016 மே மாதம் வாக்கெடுப்பு. 83 விழுக்காட்டினர் ஆதரவு. வழக்குத் தொடுத்தார்கள், வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். அவ்வாண்டு நவம்பரிலே உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. தெரு எழுதிய எழுத்து நீதிமன்றத்திலே நின்றது!

அப்படியானால் இங்கிலாந்திலே பொன்னுலகம் பிறந்துவிட்டதா? அப்படிச் சொன்னால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். செயின்ட் ஐவ்ஸ் விதி புது வீடுகளைத்தான் கட்டும். பழைய வீடுகளைப் பணக்காரர் வாங்குவதை அதனால் தடுக்க இயலாது. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள் இத்தகைய திட்டங்களை நிறைவேற்றியிருக்கின்றன. அவற்றை ஆராய்ந்தோர் கண்டது என்ன? ஊர்ப்புறங்களும் வசதி படைத்த வட்டாரங்களும் முந்திக்கொண்டன. நகரத்து வறியோர் வாழும் பகுதிகள் பின்தங்கின!

ஏன்? வறியோருக்கு விருப்பமில்லையா? நேரமில்லை! ஒரு திட்டம் எழுதி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஓய்வூதியம் பெறும் பொறியாளரும் வழக்கறிஞரும் வாழும் தெருவிலே மாலைதோறும் கூட்டம் போடலாம். இரட்டை வேலை பார்த்து நள்ளிரவிலே வீடு திரும்பும் தாய், எந்தக் கூட்டத்துக்கு வருவாள்? அந்தக் குறையைச் சற்றே ஈடுசெய்ய அரசு தந்துவந்த நிதியுதவியும் 2025இல் கைவிடப்பட்டது. உரிமை ஏட்டிலே இருக்கிறது. அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய கையோ உழைத்துக் களைத்துக் கிடக்கிறது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. "எங்கள் பகுதி, எங்கள் உரிமை" என்ற அதே முழக்கத்தை வைத்துக்கொண்டே, "ஏழை இங்கே வரக்கூடாது" என்று வேலி கட்ட நினைப்போர் எந்த நாட்டிலும் உண்டு. அதனாலேயே அங்கே ஒரு தடை வைத்தனர்: மாவட்டத் திட்டம் குறித்த அளவுக்குக் குறைவாக வீடு கட்டுவோம் என்று பகுதித் திட்டம் எழுதக்கூடாது. தெருவுக்கு உரிமை உண்டு. பக்கத்துத் தெருவின் வாசலை அடைக்கும் உரிமை கிடையாது. இந்த வரம்பு இல்லாத தன்னுரிமை, தன்னலத்தின் மறுபெயராகிவிடும்.

இங்கிலாந்துக் கதை நமக்கேன் என்று கேட்பீர்கள். உறவு இருக்கிறது தோழர்களே! பாட்ரிக் கெடிஸ் என்றொரு ஸ்காட்லாந்துப் பேரறிஞர், நகரமைப்பின் முன்னோடி. 1914இல் அவர் தம் நகரக் கண்காட்சியோடு சென்னைக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்களைச் சுமந்துவந்த கப்பலை ஜெர்மானிய எம்டன் கடலிலே மூழ்கடித்தது. சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த அதே எம்டன்! மனம் தளராமல் மீண்டும் பொருள் திரட்டி, 1915இல் சென்னையிலே கண்காட்சி நடத்தினார். பிறகு தஞ்சை உள்ளிட்ட நம் நகரங்களுக்குச் சென்றார். எப்படிச் சென்றார்? கால்நடையாய்! வீடுகளை வரிசையாக இடித்து நேர்கோட்டுச் சாலை போடும் திட்டத்தை அவர் வெறுத்தார். பாழடைந்த சிலவற்றை மட்டும் நீக்கினால் காற்றும் வெளிச்சமும் வரும், குடும்பங்கள் அங்கேயே வாழும் என்று எழுதிக் காட்டினார். 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டமும் வந்தது. நூறாண்டுக்கு மேலாயிற்று. கெடிஸ் நடந்த தெருக்களிலே, இன்னும் நேர்கோட்டுக் காதல் தீரவில்லை!

நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வரைவுத் திட்டத்தை வெளியிடச் சொல்கிறது. ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்கச் சொல்கிறது. 1993இல் நடப்புக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகரமைப்பை நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலிலே முதலாவதாக வைத்தது. மூன்று லட்சம் மக்களுக்குக் குறையாத நகரங்களிலே வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டிலே 2022இல் விதிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பகுதி சபைகள் கூடின. தெரு விளக்கு, சாக்கடை, குடிநீர் என்று மக்கள் பேசினார்கள். வரவேற்கத்தக்க தொடக்கம்!

ஆனால் தொடக்கத்தை முடிவென்று எண்ணிவிடலாமா? பகுதி சபை கோரிக்கையைத் திரட்டலாம். எது முதலில் வேண்டும் என்று சொல்லலாம். தன் பகுதியின் நிலம் எதற்குப் பயன்படவேண்டும் என்று திட்டம் எழுதி, அதை வாக்குப்பெட்டிக்கு அனுப்பி, அதிகாரியைக் கட்டுப்படுத்தும் வலிவு அதற்கு இல்லை. விளக்கு கேட்கும் உரிமை தெருவுக்கு உண்டு. தெருவே இருக்குமா என்ற கேள்வியிலோ, ஆட்சேபணை மனு ஒன்றோடு தெரு நின்றுவிடுகிறது! மனு கொடுப்பவன் குடிமகனா, யாசகனா?

ஆகவே நாம் கேட்கவேண்டியவை மூன்று. பகுதி சபை எழுதும் திட்டத்துக்குச் சட்ட வலிவு வேண்டும். மக்கள் வாக்கே அதற்கு முத்திரையாக வேண்டும். அந்தத் திட்டத்தை நிறைவேற்ற, வரியிலே அப்பகுதிக்கு உறுதியான பங்கு வேண்டும். வாடகைக் குடியிருப்போரும் குடிசைவாசியும் தெருவோரக் கடைக்காரரும் உள்ளே அமர்ந்தாலன்றி அந்தச் சபை செல்லாது என்ற விதி வேண்டும். பட்டா உள்ளவன் மட்டும் பேசும் சபை, மக்கள் சபை ஆகாது.

கேட்டுவிட்டுக் காத்திருப்பதா? அல்ல. இங்கிலாந்தின் குறை நமக்குப் பாடம். ஏழைக்கு நேரமில்லை என்றால் அவர் வாசலுக்குச் சபை போகட்டும்! நம் படிப்பகங்கள் எதற்கு? உங்கள் வார்டின் வரைவுத் திட்டம் வெளியாகும் நாளிலே அதை வாங்கி அங்கே ஒட்டுங்கள். எழுத்தறியாதாருக்குப் படித்துச் சொல்லுங்கள். எந்தக் கோடு எந்த வீட்டின்மேல் ஓடுகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். ஆட்சேபணைக்குரிய நாள் முடியுமுன்னே கையொப்பம் திரட்டுங்கள். பகுதி சபை கூடும் நாளிலே, பேசத் தயங்கும் தாயை முன்வரிசையிலே அமர்த்துங்கள்.

தேர்தலிலே வாக்குக் கேட்க அந்தத் தெருவுக்குள் ஆயிரம் முறை நுழைந்திருக்கிறோம். இப்போது வரைபடத்தை எடுத்துக்கொண்டு நுழைவோம். வாக்குச் சீட்டிலே முத்திரை குத்தத் தெரிந்த கைக்கு, ஊரின் ஏட்டிலே கோடு கிழிக்கவும் தெரியும்!