வளைந்த பிரமிடு சொல்லும் கணக்கு

பிரமிடு என்றதும் கீசாவின் பெரிய பிரமிடுதான் நினைவுக்கு வரும். சதுர அடித்தளம், உச்சியில் கூடும் நான்கு முக்கோணங்கள், ஏறத்தாழ 52 பாகைச் சாய்வு. இந்த வடிவம் ஒரே முயற்சியில் கைகூடியதல்ல.

அதைக் கட்டிய மன்னர் கூஃபுவின் தந்தை சினெஃபெரு. சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன் தாசூரில் அவர் எழுப்பிய ஒரு பிரமிடு, 54 பாகைச் சாய்வில் தொடங்குகிறது. பாதி உயரத்தை நெருங்கும்போது சாய்வு திடீரென 43 பாகையாகக் குறைகிறது. அதனால்தான் அதற்கு ‘வளைந்த பிரமிடு’ என்று பெயர். கட்டும்போதே விரிசல் கண்டதால், பாரத்தைக் குறைக்கச் சாய்வை மாற்றினார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

எவ்வளவு பாரம் குறைந்தது? அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் பிரமிடின் கன அளவு கிடைக்கும். சாய்வு மாறிய இடத்துக்கு மேலே உள்ள பகுதியும் ஒரு சிறு பிரமிடுதான். அதன் அடிப்பரப்பு மாறவில்லை; உயரம் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆகவே, அந்தப் பகுதிக்கு வேண்டிய கல்லிலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்!

சினெஃபெரு அடுத்துக் கட்டிய சிவப்புப் பிரமிடு, அடி முதல் உச்சி வரை 43 பாகையிலேயே நிற்கிறது. மகன் கூஃபுவின் காலத்தில்தான் சாய்வு மீண்டும் 52 பாகையைத் தொட்டது.

‘மூன்றால் ஏன் வகுக்கவேண்டும்? இதனால் என்ன பயன்?’ என்று பிள்ளைகள் அலுத்துக்கொண்டால், இந்த வளைந்த பிரமிடின் படத்தைக் காட்டுங்கள்.