உறையும் கடிதமும்

வீதியில் வண்டிகள் நெருங்கி நின்றுவிட்டால் காரணத்தைக் கண்ணாற் காணலாம். கம்ப்யூட்டர்களை இணைக்கும் கம்பிக்குள் போக்குவரத்து ஸ்தம்பித்தால் என்ன செய்வது? "நெட்வொர்க் சரியில்லை" என்று கையை விரிப்பதே நம்மவர் வழக்கம். அந்த நோய்க்கும் நாடி பார்க்க வழியுண்டு என்பதை நேயர்கள் அறிவது நலம்.

1986-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவிலுள்ள லாரன்ஸ் பர்க்லி ஆராய்ச்சிசாலைக்கும் பர்க்லி சர்வகலாசாலைக்கும் இடையே ஒரு விபரீதம் நேர்ந்தது. இடைத்தூரம் 400 கஜந்தான். வினாடிக்கு 32,000 பிட் வீதம் சென்ற செய்தி, திடீரென்று 40 பிட்டாக, அதாவது ஐந்து எழுத்துக்களாகக் குறைந்துவிட்டது. இரண்டு பக்கக் கடிதத்தை ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினால் முந்திப் போய்ச் சேர்ந்திருக்கும்! வான் ஜேக்கப்ஸனும் மைக்கேல் காரெல்ஸும் இதனை ஆராய்ந்தார்கள். குற்றம் கம்பியில் இல்லை. அனுப்பும் யந்திரங்களின் அவசரத்தில் இருந்தது. பதில் தாமதித்தால் அனுப்பிய பொட்டலத்தையே மறுபடியும் அனுப்பி, திணறும் பாதையை அவை மேலும் அடைத்தன. மெல்லத் தொடங்கி, பதில் வர வர வேகத்தைக் கூட்டும் முறை 1988-ல் வெளியாயிற்று.

அதே காலத்தில் அந்த ஆராய்ச்சிசாலையில் ஜேக்கப்ஸனும் சகாக்களும் டி.ஸி.பி.டம்ப் என்ற மென்பொருளை ஆக்கினார்கள். சாதாரணமாக ஒரு கம்ப்யூட்டர் தன் விலாசமிட்ட பொட்டலத்தையே ஏற்கும். இம்மென்பொருளோ, காதில் விழும் அனைத்தையும் கேட்கச் செய்து, யார் யாருக்கு எப்பொழுது எவ்வளவு அனுப்பினார் என்று வரி வரியாக எழுதிவிடும். எல்லாவற்றையும் பிரதி எடுத்தால் யந்திரமே களைத்துவிடுமாதலால், வேண்டியதை மட்டும் உள்ளேயே சலித்தெடுக்கும் முறையை ஜேக்கப்ஸனும் ஸ்டீவன் மெக்கேனும் 1993-ல் விவரித்தார்கள்.

1998-ல் ஜெரால்ட் கோம்ப்ஸ் என்பவர் ஈதீரியல் என்ற மென்பொருளை வெளியிட்டார். 2006-ல் அவர் உத்தியோகம் மாறியபோது பெயரின் உரிமை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அதனால் வயர்ஷார்க் என்று புதுப்பெயர் சூட்டினார். பெயர் போயிற்று, வேலை நிற்கவில்லை. மூலம் யாவர்க்கும் திறந்திருந்ததே காரணம். இன்றும் எவ்வூர் மாணவனும் காசு கொடாமல் அதைப் பெறலாம். உள்ளே எழுதியிருப்பதையும் படித்துப் பார்க்கலாம். அறிவுச் செல்வம் பொதுவாயிருப்பதன் பயன் இதுவே.

ஆனால் நாடி பார்க்கும் கையே பையைத் துழாவவும் கூடுமல்லவா? டி.ஸி.பி.டம்ப் நெடுங்காலம், வேறு விதமாகப் பணித்தாலொழிய, ஒவ்வொரு பொட்டலத்திலும் முதல் 68 பைட்டுகளையே எடுத்தது. உறையின் மேல்விலாசம் படிக்க அது போதும். பிற்காலத்தில் முழுப் பொட்டலத்தையும் எடுப்பதே வழக்கமாயிற்று. செய்திகளைச் சங்கேதமாக மாற்றி அனுப்பும் பழக்கம் பரவியிருப்பதால், இன்று கடிதத்தின் உட்பொருள் பெரும்பாலும் புலப்படாது. எனினும் யார், எங்கே, எந்நேரத்தில் என்பன புலப்படும். ஒருவரது நோயையும் கடனையும் ஊகிக்க அவையே போதும்.

ஆகவே, இவ்வித்தையை நம் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டுமென்பதும், கூடவே அதன் தர்மத்தையும் கற்பிக்க வேண்டுமென்பதும் நம் கட்சி. அனுமதியுள்ள வலையில் மட்டும் கேட்பது. கேட்கிறோமென்று முன்னரே அறிவிப்பது. உறை போதுமானால் கடிதத்தைத் தொடாதிருப்பது. காரியம் முடிந்ததும் பதிவை அழிப்பது. பள்ளிகளிலும் காரியாலயங்களிலும் வலையைக் காக்கும் பொறுப்புடையோர்க்கும் இந்நான்கும் பொருந்தும். பிறர் கடிதத்தைப் பிரிக்கலாகாது என்று குழந்தைகளுக்குச் சொல்லும் நாம், கம்பி வழியே போகும் கடிதத்திற்கு மட்டும் வேறு நீதி வகுப்பது எவ்வாறு தகும்?