வாயிலில் மட்டும் காவல் போதாது

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் உப்பளங்களுக்கும் மீன்பிடிக்கும் பெயர் பெற்றிருந்த காலம் மாறி, இன்று நாட்டுக்கு ஒளி வழங்கும் பிரதேசமாகவும் விளங்குகின்றது. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் முதலாவது அலகு 2011 ஆம் ஆண்டு இயங்க ஆரம்பித்தது. 2014 ஆம் ஆண்டில் மூன்று அலகுகளும் நிறைவடைந்து, 900 மெகாவாட் கொள்ளளவு கொண்ட நாட்டின் மிகப் பெரிய மின் நிலையமாக அது உருவெடுத்தது. கற்பிட்டிக் குடாநாட்டில் காற்றாலைகளும் எழுந்து நிற்கின்றன.

இந்தக் கரையோரம் இருளில் மூழ்கினால் நாடே தடுமாறும் என்பதை 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி அனைவரும் கண்டோம். பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கொன்றினால் ஏற்பட்டதாகக் கூறப்பட்ட கோளாறு நாடளாவிய மின்தடையாக மாறியது. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் செயலிழந்தன. அவற்றை உடனடியாக மீள இயக்க முடியாத நிலையில், அடுத்து வந்த இரு தினங்களும் சுழற்சி முறையில் மின்வெட்டு அமுல்படுத்தப்பட்டது. மின்சாரம் நின்றால் சிலாபம், முந்தல், உடப்பு பகுதிகளின் இறால் பண்ணைகளில் நீருக்கு ஒட்சிசன் ஊட்டும் இயந்திரங்களும் நின்றுவிடும். மின்பிறப்பாக்கி உள்ளவர் டீசலுக்குச் செலவிட்டுச் சமாளிப்பார். இல்லாதவர் பல மாத உழைப்பைப் பறிகொடுப்பார்.

அந்த மின்தடை கணினித் தாக்குதலால் ஏற்பட்டதன்று. எனினும், ஓரிடத்துக் கோளாறே இத்தனை தூரம் பரவுமாயின், திட்டமிட்டு நுழையும் ஒருவரால் எவ்வளவு சேதம் விளைவிக்க முடியும் என்ற வினா எழுவதைத் தவிர்க்க முடியாது. மின் உற்பத்தி இயந்திரங்களையும் அலுவலகப் பதிவேடுகளையும் தொலைவிலிருந்தவாறே இணையத்தின் ஊடாகப் பார்வையிடுவதும் பராமரிப்பதும் இன்று உலகெங்கும் வழமையாகிவிட்டது. காற்றாலையை விற்ற நிறுவனமே பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து அதனைக் கண்காணிக்கின்றது. இவ்வசதியை வேண்டாம் என எவரும் கூறப்போவதில்லை. அதற்காகத் திறந்து விடப்பட்ட கதவின் பாதுகாப்பே எமது கவலையாகும்.

இக்கவலை ஆதாரமற்றதன்று. 2022 பெப்ரவரி 24 ஆம் திகதி, உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்த அதே தினத்தில், வியாசாட் நிறுவனத்தின் செய்மதி இணையச் சேவை தாக்கப்பட்டது. அதன் விளைவாக, ஜேர்மனியின் எனர்கொன் நிறுவனம் தனது ஏறத்தாழ 5,800 காற்றாலைகளுடனான தொலைத்தொடர்பை இழந்தது. காற்றாலைகள் தாமாகவே சுழன்றுகொண்டிருந்த போதிலும் அவற்றைத் தொலைவிலிருந்து பார்க்கவோ பராமரிக்கவோ இயலவில்லை. தவறாக அமைக்கப்பட்டிருந்த வீ.பீ.என். சாதனம் ஒன்றின் வழியாகவே தாக்கியோர் உள்ளே நுழைந்து, வலையமைப்பின் நிர்வாகப் பகுதியை அடைந்தனர் என்பது பின்னர் தெரியவந்தது.

2015 டிசம்பரில் உக்ரேனின் மூன்று மின் விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டு சுமார் 225,000 பாவனையாளர்கள் இருளில் தள்ளப்பட்டதற்கும், 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கொலோனியல் எரிபொருள் குழாய்வழி பல நாட்கள் மூடப்பட்டதற்கும் இதே கதவே வழியாயிற்று. இரண்டு சம்பவங்களிலும் திருடப்பட்ட கடவுச்சொல்லே திறப்பாகப் பயன்பட்டது. இரண்டாவது உறுதிப்படுத்தல் எதுவும் கோரப்படவில்லை.

வாயிலில் ஒருமுறை அனுமதி பெற்றவர் வீடு முழுவதும் உலாவலாம் என்ற பழைய ஏற்பாட்டின் பலவீனம் இதுவேயாகும். இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுவதே 'பூச்சிய நம்பிக்கை' முறை. 2010 ஆம் ஆண்டில் ஜோன் கிண்டர்வாக் என்ற ஆய்வாளர் பிரபலப்படுத்திய இக்கருத்துக்கு, அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2020 இல் முறையான வழிகாட்டல்களை வெளியிட்டது. கொழும்பிலுள்ள வீட்டிலிருந்து ஒரு பொறியியலாளர் காற்றாலையொன்றின் அறிக்கையைப் பார்க்க விரும்பினால், அவர் யார், அவரது கணினி பாதுகாப்பானதா, அந்த அறிக்கை அவரது பணிக்குரியதா என்பன ஒவ்வொரு தடவையும் பரிசோதிக்கப்படும். அனுமதி கிடைத்தாலும் அந்த அறிக்கை மாத்திரமே அவருக்குத் திறக்கும். இயந்திரத்தை நிறுத்தும் ஆணையோ சம்பளப் பட்டியலோ அவரது பார்வைக்கே வராது. அவரது கடவுச்சொல் களவு போனாலும் சேதம் ஓர் அறையுடன் நின்றுவிடும்.

எமது நாடும் ஒரு கசப்பான பாடத்தைக் கற்றுள்ளது. 2023 ஆகஸ்டில் அரசாங்க மேகக் கணினிக் கட்டமைப்பின் மீது நடத்தப்பட்ட கப்பம் கோரும் தாக்குதலில், அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாதவாறு அழிந்தன. காலாவதியான மென்பொருள் மாற்றப்படவில்லை. அக்காலப்பகுதிக்கான பிரதியும் இருக்கவில்லை. இழந்தது மின்னஞ்சல் என்பதால் நாடு தப்பித்தது. மின் உற்பத்தியாக இருந்திருப்பின் நிலைமை வேறாகும்.

நிதி நெருக்கடியிலுள்ள நாட்டுக்கு இது கட்டுப்படியாகுமா எனக் கேட்கப்படலாம். முதற் படிகளுக்குப் பெருந்தொகை தேவையில்லை. விலகிச் சென்ற ஊழியர்களின் கணக்குகளை மூடுவதும், இரண்டாவது உறுதிப்படுத்தலைக் கட்டாயமாக்குவதும், வெளிநாட்டு ஒப்பந்தகாரருக்குப் பணி நடைபெறும் நேரத்துக்கு மாத்திரம் கதவைத் திறப்பதும் நிர்வாக ஒழுங்கு சார்ந்தவை. புதிய முறைக்கு இசையாத பழைய கட்டுப்பாட்டு இயந்திரங்களை நேரடியாக இணையத்துடன் இணைக்காது, இடையில் ஒரு காவல் வாயிலை அமைக்கலாம். இது ஊழியர்களைச் சந்தேகிப்பதாகாது. கணக்கைத் திருடியவன் செய்த குற்றத்துக்கு அப்பாவி ஊழியர் பழி சுமப்பதிலிருந்து அவரைக் காப்பதும் இம்முறையே.

அதேவேளை, எந்தப் பூட்டும் முழுமையானதல்ல. 2015 இல் உக்ரேனியப் பணியாளர்கள் உப மின் நிலையங்களுக்கு நேரில் சென்று கையால் ஆளிகளை இயக்கியதாலேயே சில மணித்தியாலங்களில் மின்சாரம் மீண்டது. தொலைக் கட்டுப்பாடு வந்துவிட்டது என்பதற்காகக் களத்திலுள்ள தொழில்நுட்பவியலாளரின் திறனையும் எண்ணிக்கையையும் குறைப்பது அறிவுடைமையாகாது.

நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும் தொலைவிலிருந்து எத்தனை கதவுகள் திறந்துள்ளன, அவற்றின் திறப்புகள் யாரிடம் உள்ளன என்ற கணக்கெடுப்பை மின்சாரத்துறைக்குப் பொறுப்பானவர்கள் முதலில் மேற்கொள்ள வேண்டும். 2023 இல் மென்பொருளை மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாததற்கு நாடு விலை கொடுத்தது. மின்சாரத் துறையிலும் அதே தாமதம் நேர்ந்தால் அதன் விலையை முதலில் செலுத்தப் போகின்றவர் பண்ணைக் கரையில் விழித்திருக்கும் சாதாரண மனிதரே என்பதை அதிகாரிகள் மறந்துவிடலாகாது.